வலது மூலையில் ஐந்து பெயர்கள்

பாரிவாக்கம்
13.11.2024

மதிப்பிற்குரிய ரேணுகா மேடம்,

வணக்கம். என் பெயர் ஞானசேகரன். உங்களுக்கு என்னைத் தெரியாது. தீபாவளி விடுமுறை முடிந்து, இந்த மாதம் நான்காம் தேதியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு வகுப்பாசிரியராகவும் கணக்கு ஆசிரியராகவும் இருக்கிறேன். அதாவது நீங்கள் விட்டுப்போன இடத்தில். உங்கள் கணவருக்குத் திருச்சி தொழிற்சாலைக்கு மாற்றல் வந்து நீங்கள் அவசரமாகக் கிளம்பியதாக அலுவலகத்தில் சொன்னார்கள். அவர்களிடம் இருக்கும் உங்கள் கைபேசி எண் வேலை செய்யவில்லை. குவார்ட்டர்ஸ் விலாசம் இருந்தது. அதனால் இந்தக் கடிதம்.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். பாடம் எதுவரை நடத்தியிருக்கிறீர்கள் என்பது உங்கள் பதிவேட்டில் தெளிவாக இல்லை. தலைப்புகள் மட்டும் இருக்கின்றன. ஆயத்தொலை வடிவியலில் எந்தப் பயிற்சிவரை முடிந்தது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

வகுப்பு இப்போது நன்றாக அடங்கியிருக்கிறது. முதல் நாள் உள்ளே நுழைந்தபோது போர்டின் வலது மூலையில் ஐந்து பெயர்கள் இருந்தன. பக்கத்தில் எண்கள். காவ்யா 7, அப்துல் ரசாக் 4, விக்ரம் 2, இன்னும் இருவர். எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம்தான். ஆசிரியர் வருவதற்குள் பேசியவர்களின் பெயரை லீடர் எழுதி, எத்தனை முறை என்று பக்கத்தில் போடுவது. ஐந்து பெயரையும் உரக்கப் படித்து எழுப்பி, இரண்டு பீரியட் வராந்தாவில் நிற்கவைத்தேன். ஏழு முறை பேசிய பெண்ணின் டைரியில் வீட்டுக்கு ஒரு குறிப்பும் எழுதினேன். லீடர் நிவேதிதா ஏதோ சொல்ல எழுந்தாள். உட்காரச் சொன்னேன். முதல் நாளே பிடியைக் காட்டாவிட்டால் பிறகு பிடி கிடைக்காது என்பது என் அனுபவம்.

தலைமையாசிரியை சுசீலா மேடம் வராந்தா வழியாகப் போகும்போது நின்று பார்த்துவிட்டு, "நைன் பி-யா இது" என்று ஆச்சரியப்பட்டார். உங்கள் காலத்தில் எப்போதும் இரைச்சலாக இருக்குமாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். இத்தனை நாளில் ஒருவர்கூட ஒரு சந்தேகம் கேட்கவில்லை. புரிந்ததா என்றால் புரிந்தது என்கிறார்கள். எப்போதுமே இப்படித்தானா?

என் எண் கீழே இருக்கிறது. முடிந்தால் அழைக்கவும்.

இப்படிக்கு,
சி. ஞானசேகரன்


திருச்சி
20.11.2024

ஞானசேகரன் சார்,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். ரொம்ப ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் செய்யமாட்டேன். செய்தால் கத்துவேன். இதில் என்றால் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். ஏற்கனவே இரண்டு தாள் கிழித்தாயிற்று.

அது பேசியவர்கள் பட்டியல் இல்லை சார். புரியாதவர்கள் பட்டியல். லீடர் எழுதுவதில்லை. அவரவர் பெயரை அவரவரே எழுதுவார்கள். எண் என்பது எத்தனையாவது கணக்கு என்பது. காவ்யா 7 என்றால், முந்தைய நாள் கொடுத்ததில் ஏழாவது கணக்கு அவளுக்குப் புரியவில்லை. அவ்வளவுதான்.

இந்த வகுப்பில் ஜூனில் தொடங்கினேன். ஜூலை முடியும்வரை ஒரு பெயர் வரவில்லை. எப்படி வரும்? ஒன்றாம் வகுப்பிலிருந்து போர்டில் பெயர் இருந்தால் ஒன்று அடி, இல்லையென்றால் வராந்தா. கடைசியில் முதல் பெயரை நானே எழுதினேன். 'ரேணுகா மிஸ் 9.' இந்த ஒன்பதாவது கணக்கை உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்கே தெரியவில்லை, யாராவது உதவுங்கள் என்றேன். சிரித்தார்கள். மறுநாள் அப்துல் ரசாக் எழுதினான். அவனுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு. அப்புறம் இரண்டு, மூன்று. செப்டம்பரில் ஒரு நாள் பதினாறு பெயர். அந்த இரைச்சலைத்தான் பக்கத்து வகுப்புக்காரர்கள் உங்களிடம் குறை சொல்லியிருப்பார்கள்.

காவ்யா எழுதியதே இல்லை. ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட இல்லை. கணக்கில் பன்னிரண்டு, பதினான்கு வாங்குகிற பிள்ளை. தினமும் அந்த மூலையைப் பார்ப்பாள், எழுந்து வரமாட்டாள். நான் வற்புறுத்தவில்லை. நானாகச் சொல்லி எழுதினால் அது அவள் எழுதியதாகாது.

கடைசி வகுப்பில் சொல்லிவிட்டு வந்தேன்: நான் போகிறேன், நீங்கள் எழுதுவதை நிறுத்தாதீர்கள், வருகிறவர் பார்த்துக்கொள்வார் என்று. வந்தது நீங்கள். அவள் முதல் முறையாக எழுந்து வந்து எழுதிய பெயரை நீங்கள் உரக்கப் படித்து வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்த ஐந்து பேரிடமும் வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேளுங்கள். தனியாக அழைத்து அல்ல.

ஆயத்தொலை வடிவியலில் இரண்டாவது பயிற்சி பாதி முடிந்தது.

ரேணுகா


பாரிவாக்கம்
2.12.2024

மேடம்,

கடிதம் கிடைத்தது. தவறு நடந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கும் சொல்ல இருக்கிறது. நீங்கள் ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். நான் சேர்ந்த அன்று காலை எட்டரைக்கு நியமனத் தாளைக் கொடுத்தார்கள், எட்டு ஐம்பதுக்கு வகுப்பில் இருந்தேன். உங்கள் பதிவேட்டில் அந்த மூலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருபது ஆண்டு வழக்கத்தை மாற்றி ஒரு வகுப்பில் மட்டும் வேறு வழக்கம் வைத்துவிட்டு, வருகிறவர் பார்த்துக்கொள்வார் என்று பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனால், வருகிறவர் எதைப் பார்ப்பார்?

நிவேதிதாவைக் கேட்டேன். "அன்னைக்கே சொல்ல வந்தேன் சார்" என்றாள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. சுசீலா மேடத்திடம் சொன்னபோது, "டீச்சர் கிளாஸ்ல சாரி கேட்டா அப்புறம் யார் சார் மதிப்பாங்க" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அதற்குப் பதிலாக, இனி எல்லாரும் பழையபடி பெயர் எழுதலாம் என்று அறிவித்தேன். மூன்று நாள் யாரும் எழுதவில்லை. நான்காம் நாள், ஒவ்வொருவரும் கட்டாயம் ஒரு சந்தேகம் எழுத வேண்டும் என்றேன். எழுதினார்கள். முப்பத்தெட்டுப் பேரும் முதல் கணக்கையே எழுதியிருந்தார்கள். முதல் கணக்கு புத்தகத்தில் விடையோடு இருப்பது.

மாதத் தேர்வில் காவ்யா பெயரும் வரிசை எண்ணும் மட்டும் எழுதித் தாளைக் கொடுத்தாள். மற்ற பக்கங்கள் காலி. அறிவியலிலும் அப்படித்தானாம். பத்தாம் வகுப்புக்கு அனுப்பத் தகுதியில்லாதவர்கள் என்று ஒரு பட்டியல் அலுவலகத்தில் தயாராகிறது. ஏப்ரலில் ஆண்டுத் தேர்வில் தோற்றால் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காடு குறையக்கூடாது என்பதற்காக. அந்தப் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

இதெல்லாம் தெரிந்த பிறகு எனக்கு என்ன தோன்ற வேண்டுமோ அது தோன்றவில்லை. உங்கள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அடுத்த பீரியடுக்குப் போனேன். ஒளிக்காமல் சொல்கிறேன். திருமழிசைக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருடம் பாடம் நடத்தினேன். கடைசி வருடம் என் வகுப்பில் ஆறு பேர். அப்புறம் கல்லூரியே இல்லை. கேட்கிறார்களா என்று முகத்தைப் பார்க்கும் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஞானசேகரன்


திருச்சி
13.12.2024

ஞானசேகரன் சார்,

நீங்கள் சொன்னது உறைத்தது. ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று நாலு நாளாக யோசித்தேன். நேரமில்லை என்று சொல்லலாம், சாமான் கட்டினோம், லாரி வந்தது. பொய். அது என் வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்களே என்ற அற்பத்தனம். அதற்கு அந்தப் பெண் வராந்தாவில் நின்றாள்.

இப்போது எழுதுகிறேன். பிந்தித்தான், இருந்தாலும்.

எந்தக் கணக்கு என்பது அவர்கள் இஷ்டம். எப்போது, எவ்வளவு நேரம் என்பது என் இஷ்டம். மணி அடித்ததும் முதல் பன்னிரண்டு நிமிடம் அந்த மூலைக்கு. பதின்மூன்றாவது நிமிடம் நான் புதுப் பாடத்துக்குப் போய்விடுவேன், கெஞ்சினாலும் நிற்கமாட்டேன். இதை விட்டுவிடாதீர்கள். முதல் வருடம் நான் நேரம் வைக்காமல் செய்து பார்த்தேன். சுதந்திரம் என்று நான் நினைத்தேன், பிள்ளைகள் மிஸ்ஸுக்கு இன்றைக்குப் பாடம் நடத்த இஷ்டமில்லை என்று நினைத்தார்கள். பாதிப் பேர் டிபன் டப்பாவைத் திறந்துவிட்டார்கள்.

பெயரை ஆசிரியர் வாய்விட்டுப் படிக்கக்கூடாது. எண்ணை மட்டும் சொல்லலாம். "ஏழாவது கணக்கை யார் போட்டீர்கள்" என்று கேட்டால் யாராவது எழுந்து வருவார்கள், பெயர் எழுதியவர் தன் பெஞ்சில் இருந்தபடியே கவனிப்பார். புரிந்தால் அவரே போய் அழிப்பார். நானோ லீடரோ டஸ்டரைத் தொடமாட்டோம். அதற்கு மார்க் கிடையாது, டைரி கிடையாது, சபாஷும் கிடையாது.

கட்டாயமாக ஒரு சந்தேகம் எழுது என்றீர்களே, அதைப் படித்தபோது கோபத்தோடு எனக்குச் சிரிப்பும் வந்தது. முப்பத்தெட்டுப் பேரும் உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

காவ்யாவின் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறவர். அப்பா பாஸ்கரன், பூந்தமல்லி ஆவடி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவளை அந்தப் பள்ளியில் சேர்க்க மூன்று நாள் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தவர். அவளை வெளியே விடாதீர்கள் சார்.

இங்கே நான் வேலைக்குப் போகவில்லை. குவார்ட்டர்ஸில் மூன்று அறை. மத்தியானம் ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர் பிளாக்கில் துணி காய்வதைப் பார்க்கிறேன். வேறு ஒன்றும் செய்வதில்லை. செய்யவும் தோன்றவில்லை.

ரேணுகா


பாரிவாக்கம்
6.1.2025

மேடம்,

அரையாண்டுத் தேர்வில் காவ்யா கணக்கில் பூஜ்யம். வெற்றுத்தாள்.

பெற்றோரை அழைத்திருந்தோம். பாஸ்கரன் காக்கிச் சட்டையோடு நேராக ஸ்டாண்டிலிருந்து வந்தார். சுசீலா மேடம் பேசி முடித்த பிறகு என்னைத் தனியாக வராந்தாவில் பிடித்துக்கொண்டார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதை நான் மறக்க முடியவில்லை.

"இன்னா சார் ஆச்சு எம்பொண்ணுக்கு? ஊட்ல வாயாடிகினே இருக்கும் சார் அது. இப்போ இன்னா கேட்டாலும் ஒண்ணியும் இல்லன்றா. நீங்க டைரில எய்தி அனுப்பிச்சீங்களே, ஏழு வாட்டி பேசினான்னு. அன்னிக்கு நானும் ரெண்டு போட்டேன். அது சொல்லிச்சு சார், நான் பேசல நைனா, டவுட்டுதான் எய்தினேன்னு. நான் நம்பல. வாத்தியாரு பொய்யா எய்துவாருன்னு கேட்டேன்."

நான் பொய்தான் எழுதினேன் என்று அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "சரி சார், ஆட்டோ ரோட்டாண்ட நிக்குது" என்று போய்விட்டார்.

மறுநாள் முதல் பீரியடில் மன்னிப்புக் கேட்டேன். சுசீலா மேடத்திடம் கேட்கவில்லை. ஐந்து பெயரையும் சொல்லி, தவறு என்னுடையது, நீங்கள் யாரும் பேசவில்லை என்றேன். ஒன்றும் நடக்கவில்லை மேடம். முப்பத்தெட்டு முகமும் அப்படியே இருந்தன. பஸ் தாமதம் என்று அறிவித்தால் நிற்பவர்கள் கேட்பார்களே, அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விக்ரம் மட்டும் "தேங்க் யூ சார்" என்றான், வகுப்பு முடிந்ததும் சொல்கிற மாதிரி. மணி அடித்ததும் காவ்யாவிடம் போனேன். "பரவால்ல சார்" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

டைரியில் அந்தக் குறிப்பை அடித்து, 'இது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்தாள், திறந்து பார்க்கவில்லை.

இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரியாததைப் பற்றிக் கவலையும் பெரிதாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஞானசேகரன்


திருச்சி
17.1.2025

சார்,

மன்னிப்புக் கேட்டதற்கு நன்றி. அதைச் சுசீலா மேடத்திடம் கேட்காமல் செய்ததற்கு இன்னும் கொஞ்சம் நன்றி.

ஆனால் மறுநாளே பலன் தேடுகிறீர்கள். இரண்டு மாதம் வாயை மூடியிருந்த வகுப்பு ஒரு காலையில் திறக்குமா? அவர்கள் நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை, நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானாக இருந்தாலும் பார்ப்பேன்.

அந்த மூலையை விட்டுவிடுங்கள். அது செத்துவிட்டது. என்னுடையதை நீங்கள் செய்ய வேண்டாம், உங்களுடையதை ஏதாவது செய்யுங்கள். உங்களுக்கு ஒழுங்கு வருகிறது. மணிக்கு மணி என்ன நடக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அவர்களுக்குப் பயம் குறையும், அது எனக்கு அவ்வளவாக வராது. அந்த ஒழுங்குக்கு உள்ளே ஒரு சின்ன இடத்தை மட்டும் அவர்களிடம் விடுங்கள். விட்டபின் எட்டிப் பார்க்காதீர்கள்.

காவ்யாவை எல்லாரும் பார்க்கிற மாதிரி எதுவும் கேட்காதீர்கள்.

இங்கே பொங்கல் போயிற்று. கரும்பு வாங்கினோம், யாரும் தின்னவில்லை.

ரேணுகா


பாரிவாக்கம்
24.2.2025

மேடம்,

ஐந்து வாரம் எழுதவில்லை. எழுத எதுவும் இல்லாததால்.

நான் செய்தது இது. ஒரு பீரியட் நாற்பது நிமிடம். போர்டின் மேலே நேரத்தை எழுதிவிடுகிறேன். முதல் இருபது நிமிடம் நான் நடத்துவேன். அடுத்த இருபது நிமிடம் அவர்களுடையது. மூன்று கணக்கு கொடுப்பேன்: ஒன்று சுலபம், ஒன்று நடுத்தரம், ஒன்று கடினம். ஏதாவது ஒன்றைப் போட்டால் போதும். எதைப் போடுகிறார்கள் என்று நான் குறித்துக்கொள்வதில்லை. அந்த இருபது நிமிடம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவேன். கேட்க வேண்டுமானால் அங்கே வரலாம். எனக்குப் பின்னால் யாரும் இல்லை, அதனால் திரும்பினால் தவிர வருகிறவரை யாரும் பார்க்க முடியாது.

முதல் இரண்டு வாரம் எல்லாரும் சுலபமானதைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் அப்துல் ரசாக் வந்து, "சார், ரெண்டு கணக்கு போட்டா திட்டுவீங்களா" என்று கேட்டான். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் தினமும் நான்கைந்து பேர் வருகிறார்கள்.

நடுவே ஒரு நாள் கெடுத்துவிட்டேன். சுசீலா மேடம் கதவருகே நின்றார். வகுப்பில் கொஞ்சம் பேச்சுச் சத்தம். என்னையறியாமல் எழுந்து, "சைலன்ஸ்" என்று கத்தினேன். அடங்கிவிட்டார்கள். அதன்பின் ஒரு வாரம் யாரும் கடைசி பெஞ்சுக்கு வரவில்லை. தொண்டையில் இருந்து வருகிற பழக்கத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

காவ்யா வரவில்லை. ஆனால் போன வாரம் அவள் நோட்டில் நிகழ்தகவில் இரண்டு கணக்கு இருந்தது. இரண்டும் நடுத்தரமானவை. ஒன்று சரி. பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. நோட்டை மற்றவற்றோடு அடுக்கிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில், பாரிவாக்கம் சிக்னலில் வண்டியை நிறுத்தியபோது, அந்தக் கணக்கை மனதுக்குள் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

ஞானசேகரன்


திருச்சி
14.3.2025

சார்,

நோட்டைப் பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் அடுக்கினீர்களே, நானாக இருந்தால் முடிந்திருக்காது. உச்சி முகர்ந்து கெடுத்திருப்பேன்.

ஆனால் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆண்டுத் தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஒரு கணக்கு சரி, ஒன்று தப்பு என்கிற கதியில் முப்பத்தைந்து எப்படி வரும்? சுசீலா மேடத்துக்குப் போன் செய்தேன். "ரேணுகா, நீங்க நல்ல டீச்சர், ஆனா எமோஷனல்" என்றார். மார்க் இருந்தால் வைத்துக்கொள்வேன், இல்லையென்றால் இல்லை என்று முடித்துவிட்டார்.

அதனால் நேராகவே கேட்கிறேன். தாளை நீங்கள்தான் திருத்துவீர்கள். இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று வந்தால் முப்பத்தைந்தாக்கிப் போட்டுவிடுங்கள். உலகத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. நம் இரண்டு பேரால்தான் அவள் இந்த இடத்தில் இருக்கிறாள். இதைச் செய்ய நமக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

ரேணுகா


பாரிவாக்கம்
25.3.2025

மேடம்,

போட மாட்டேன்.

ஒரு முறை அவள் செய்யாததைச் செய்தாள் என்று எழுதினேன். மறுபடியும் செய்யாததைச் செய்தாள் என்று எழுதச் சொல்கிறீர்கள். இந்த முறை அவளுக்குச் சாதகமாக. அவளுக்குத் தெரிந்துவிடும் மேடம். எத்தனை எழுதினோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

நேற்று அவள் கடைசி பெஞ்சுக்கு வந்தாள். முக்கோணவியலில் ஒன்று. ஐந்து நிமிடம் நின்றாள்.

ஞானசேகரன்


பாரிவாக்கம்
9.5.2025

மேடம்,

காவ்யா கணக்கில் நாற்பத்தாறு. நான் திருத்திய பிறகு வேறொரு ஆசிரியரிடம் கொடுத்து மறுபடி கூட்டச் சொன்னேன். நாற்பத்தாறுதான். மற்ற பாடங்களிலும் தேர்ச்சி. சுசீலா மேடம் பட்டியலில் அவள் பெயரைப் பேனாவால் அடித்தார், எனக்கு முன்னாலேயே. "பரவாயில்லையே சார், நீங்க பிடிச்சி இழுத்துட்டீங்க" என்றார்.

புதன்கிழமை பாஸ்கரனையும் அவளையும் வரச் சொன்னேன். அலுவலகத்துக்கு வெளியே மூவரும் உட்கார்ந்தோம். மார்க்கைச் சொன்னேன். பாஸ்கரன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் அழுதாரா என்று பார்க்காமல் இருக்க நான் படிவத்தை எடுத்தேன். பத்தாம் வகுப்புக்கான விருப்பப் படிவம். பேச்சுக்குத்தான் கேட்டேன்: "இங்கேயே தொடர்றதானே, காவ்யா?"

"வேணாம் சார்" என்றாள்.

"இன்னா புள்ள சொல்ற? பாஸாயிட்டன்னு சார் சொல்றாரு, காதுல வியலையா?" என்றார் அவர்.

"வியுது நைனா." பிறகு என்னிடம் திரும்பினாள். இந்த ஆறு மாதத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "கணக்கு இப்போ வருது சார். நீங்க நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க. அந்த கிளாசுக்குள்ள வந்து உக்காந்தா மட்டும் ஒரு மாதிரி மரத்துப் போயிடுது. எல்லாருக்கும் என்னைத் தெரியும். மேனாம்பேடுல அத்தை ஊட்டாண்ட கவர்மென்ட் ஸ்கூல் கீது. அங்க யாருக்கும் என்னைத் தெரியாது. அங்க போறேன் சார்."

அவளிடம் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. இப்போதுதான் பெயர் அடிக்கப்பட்டது என்று சொல்லலாம். உனக்காக உன் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லலாம். நான் மாறியிருக்கிறேன், பார்த்தாயல்லவா என்று சொல்லலாம். அதைத்தான் சொல்ல வேண்டும் போல் இருந்தது. வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "யோசிச்சித்தானே சொல்றே" என்று மட்டும் கேட்டேன். "ஜனவரியிலேயே யோசிச்சிட்டேன் சார். ஃபெயிலாயி அனுப்பினாங்கன்னு ஆவக்கூடாது, பாஸாயி போவணும்னுதான் படிச்சேன்" என்றாள்.

மாற்றுச் சான்றிதழ் அரை மணியில் தயாரானது. குமாஸ்தா கொடுத்ததை நின்றபடி முழுதும் படித்தாள். விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று இருந்தது. "எங்கப்பாவுக்கு விருப்பம் இல்லயே சார். எனக்குத்தானே விருப்பம்" என்றாள். "எல்லாருக்கும் அப்படித்தாம்மா போடறது" என்றார் அவர். மாற்ற முடியுமா என்று நானும் கேட்டேன். கம்ப்யூட்டரில் வேறு காரணம் இல்லை என்றார். பாஸ்கரன் கையெழுத்துப் போட்டார்.

கேட் வரை போனேன். அவள் ஆட்டோவின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஆவடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

எனக்கு வலிக்கிறது மேடம். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

ஞானசேகரன்


திருச்சி
19.5.2025

சார்,

கடிதம் வந்து நாலு நாளாயிற்று. இங்கே ஒரு பள்ளியில் ஜூனிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புதான். சரி என்று சொல்லலாம் என்று போனை எடுப்பேன், உங்கள் கடிதம் ஞாபகம் வரும், வைத்துவிடுவேன்.

உங்களுக்கு ஆறுதல் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. உண்மையை எழுதிவிடுகிறேன்.

அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். படிவத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசியிருப்பேன். எனக்காக, கண்ணு, இன்னும் ஒரு வருஷம்தானே என்று சொல்லியிருப்பேன். கண்ணில் தண்ணீர்கூட வந்திருக்கும், எனக்கு அது சீக்கிரம் வரும். அவளுக்கு என்னைப் பிடிக்கும். சரி மிஸ் என்று சொல்லி, இன்னொரு வருடம் அந்த வகுப்பில் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பாள். இருப்பதென்று அவளே முடிவு செய்தாள் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆறு வருடம் பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கைப் போடுவது என்று தேர்வு செய்யக் கொடுத்தேன். என்னை விட்டுப் போகும் தேர்வை ஒருவருக்கும் கொடுத்ததில்லை. நான் அவளைப் போகவிட்டிருக்க மாட்டேன் சார்.

ரேணுகா